சாலை யாருக்குச் சொந்தம்?



இந்தக் கூட்டத்துக்குக் காரில் வந்தவர் யாராவது உண்டா? இல்லை. நடந்து வந்தோம், சைக்கிளில் வந்தோம், பஸ்ஸில் வந்தவர்களும் இறங்கி நடந்துதான் வந்தோம். ஆகவே சாலைப் பிரச்னை நம் பிழைப்புப் பிரச்னை.

2011 ஜனத்தொகைக் கணக்கு என்ன சொல்கிறது? விவசாயமும் வீட்டுத் தொழிலும் நீங்கலாக மற்ற வேலைகளில் இருந்தவர்களில், நூற்றுக்கு 22 பேர் நடந்தும் 13 பேர் சைக்கிளிலும் வேலைக்குப் போனார்கள். காரில் போனவர்கள் 3 பேர்கூட இல்லை. ஆனால் சாலை யாருக்காகப் போடப்படுகிறது?

2022ல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டார்கள். அவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்! 2024 ஜூலையில் நம் தஞ்சை – திருச்சி சாலையில், வளம்பக்குடி அருகே, சமயபுரத்துக்குப் பாதயாத்திரை போன கிராமத்து ஜனங்கள்மீது சரக்கு வண்டி ஏறி ஐந்து உயிர் போயிற்று. விதி என்று சொல்லி அழுதுவிட்டுப் போய்விடலாமா?

தஞ்சை நகருக்குள் வாருங்கள். ராஜ வீதிகள் நான்கும் பெரிய கோயில் தேர் ஓடும் வீதிகள். இன்று ஓரமெல்லாம் மோட்டார் வண்டிகள் நிற்கின்றன. ஜனங்கள் நடு வீதியில் நடக்கிறார்கள். நடைபாதையைச் சுத்தம் செய்ய அதிகாரிகள் வந்தால் முதலில் தூக்குவது பூக்காரியின் கூடையை! நிற்கும் காரைத் தொடுவதில்லை. 2014ல் வந்த சாலையோர வியாபாரிகள் சட்டம் அவளுக்கும் இடம் ஒதுக்கச் சொல்கிறது.

நடக்கும் உரிமையை யாரும் நமக்குத் தானமாகத் தரவில்லை. 1924ல் வைக்கத்தில், கோயிலைச் சுற்றியுள்ள வீதியில் நடப்பதற்கே சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. கீழத்தஞ்சையில் பண்ணையாள் செருப்புப் போட்டு மிராசுதார் தெருவில் நடக்க முடியாது. செங்கொடியின் கீழ்ப் போராடித்தான் நிமிர்ந்து நடந்தோம். பக்கத்துப் புதுக்கோட்டையில் 1991-92ல் அறிவொளி இயக்கம் நடந்தபோது விவசாயக் கூலிப் பெண்களும் கல் உடைக்கும் பெண்களும் சைக்கிள் ஏறினார்கள். ஜாதித் திமிரிடமிருந்து மீட்ட பாதையை மோட்டாருக்குப் பறிகொடுப்பதா?

ஹாலந்தைச் சைக்கிள் நாடு என்கிறார்கள். 1971ல் அங்கே 400க்கு மேற்பட்ட குழந்தைகள் சாலையில் மாண்டார்கள். பெற்றோர் தெருவில் இறங்கி மறித்தார்கள். அந்தப் போராட்டத்துக்குப் பிறகே சைக்கிள் பாதைகள் பெருகின.

இங்கும் 2025 மே மாதம் சுப்ரீம் கோர்ட், நடைபாதை என்பது உயிர்வாழும் உரிமையில் சேர்ந்தது என்று சொல்லிவிட்டது. காகிதத்தில் உள்ள உரிமையைத் தெருவுக்குக் கொண்டுவருவது நம் வேலை. நமது கோரிக்கைகள் நான்கு:

1. தடங்கலில்லாத ஆறடி அகல நடைபாதை. உயரம் அரை அடிக்கு மேல் கூடாது. கிழவரும் கர்ப்பிணியும் ஏற வேண்டாமா? இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவும் இதுதான்.

2. பள்ளி, ஆஸ்பத்திரி, சந்தை, ஆலை வாசல்களில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. அந்த வேகத்தில் மோதினால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். வேகம் ஏற ஏறச் சாவும் ஏறுகிறது.

3. பெரிய சாலைகளில் சைக்கிளுக்குத் தனித்தடம். இரவு ஷிப்டு முடிந்து வருபவருக்கும் விடியுமுன் நடவுக்குப் போகும் பெண்களுக்கும் தெருவிளக்கு.

4. சிறு வியாபாரிகளுக்கு ஒதுக்கிய இடம்.

தோழர்களே, ஒவ்வொரு கிளையும் தன் வார்டை நடந்து பார்க்கட்டும். நடைபாதை எங்கே இல்லை, விளக்கு எங்கே எரியவில்லை என்று எழுதுங்கள். வீடு வீடாகக் கையெழுத்து வாங்குங்கள். மகஜரை எடுத்துக்கொண்டு மாநகராட்சிக்குப் போவோம். சாலை நடுவில், ஆயிரம் பேராக, நடந்தே போவோம்!