பழைய காரும் புதிய சாவியும்



தேர் எவ்வளவு பெரிதாயினும் அச்சாணி கழன்றால் நிலைக்கு வந்து சேராது. மின்னல் வேகத்தில் ஓடுவதற்கென்றே உருவாக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் இத்தகைய அச்சாணி ஒன்று உண்டு. அது சக்கரத்தில் இல்லை. காருக்குரியவரின் சட்டைப்பையில் இருக்கிறது. அதுவே ரிமோட் சாவி. அதனைப் புதுப்பிக்கும் முறையைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

தொலைவிலிருந்தே கார்க் கதவைத் திறக்கும் சாவி 1982ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு ரெனோ நிறுவனத்தின் ஃப்யூகோ என்னும் காரில் இடம் பெற்றது. பால் லிப்ஷுட்ஸ் என்பவர் கண்ட அச்சாவி அகச்சிவப்புக் கதிரால் இயங்கியது. அவர் பெயரைச் சுருக்கி, பிரெஞ்சு மக்கள் இன்றும் அதனைப் 'பிளிப்' என்றே வழங்குகின்றனர். பின்னர் கதிரின் இடத்தை வானொலி அலை பிடித்தது. ஐரோப்பாவில் 433.92 மெகாஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 315 மெகாஹெர்ட்ஸ் என்னும் அலைவரிசைகள் பெருவழக்காயின. இவ்வேறுபாட்டை அறியாமல் ஒரு நாட்டுச் சாவியை வாங்கி மற்றொரு நாட்டுக் காரின்முன் அழுத்தினால், செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

1990களில் வந்த கார்கள் பலவற்றில் இச்சாவிக்கு இன்னொரு கடமையும் சேர்ந்தது. திருட்டைத் தடுக்க எஞ்சினை இயங்கவிடாமல் நிறுத்தும் 'இம்மொபிலைசர்' என்னும் கருவியைப் பொருத்தினர். அதனை விடுவிக்கும் ஆணையும் ரிமோட் சாவியிலிருந்தே சென்றது. ஆகவே சாவி பழுதானால் கதவு மட்டுமன்று, காரே அசையாது. இங்கிலாந்தின் ரோவர் குழுமம் 1995இல் வெளியிட்ட எம்.ஜி.எஃப். என்னும் இருவர் அமரும் கார் இன்று பழங்கார்களின் வரிசையில் சேர்ந்துவிட்டது. அதனைச் செய்துவந்த எம்.ஜி. ரோவர் நிறுவனம் 2005இல் நொடித்துப் போயிற்று. செய்தவர் போனார், கார் இருக்கிறது, சாவியோ தேய்கிறது. இந்நிலையில் உடையவர் செய்யத்தக்கது யாது?

முதற்கண் நோயை அறிதல் வேண்டும். பெரும்பாலான சாவிகளில் இருப்பது சி.ஆர். 2032 என்னும் பொத்தான் பாட்டரி. அப்பெயரிலேயே அதன் அளவு அடங்கியிருக்கிறது: குறுக்களவு 20 மில்லிமீட்டர், தடிப்பு 3.2 மில்லிமீட்டர். அதன் மின்னழுத்தம் 3 வோல்ட். பல வேளைகளில் இதனை மாற்றுவதே போதும். அடுத்து, நாள்தோறும் அழுத்தப்பட்டுத் தேய்ந்த சிறு சுவிட்சைப் பார்க்க வேண்டும். ஈயம் வைத்துப் பற்றவைக்கத் தெரிந்தவர் புதியதைப் பொருத்திவிடலாம். மேலுறை வெடித்திருந்தால் புதிய உறைக்குள் பழைய உட்பலகையை அமைத்துக்கொள்ளலாம்.

உட்பலகையே கெட்டுவிட்டால் என் செய்வது? இங்கேதான் சாவியின் இரகசியத்தை நாம் அறிய வேண்டும். இரண்டு மாணவர்களிடம் ஒரே மாதிரியான இரு குறிப்பேடுகள் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் வெவ்வேறு சொல் எழுதப்பட்டிருக்கிறது. ஒருவன் ஒரு சொல்லைக் கூறியதும் இருவரும் அப்பக்கத்தைக் கிழித்துவிடுகின்றனர். ஒட்டுக்கேட்ட மூன்றாமவன் அதே சொல்லை மறுநாள் கூறினால் கதவு திறவாது. 'மாறும் குறி' என்னும் முறையின் சாரம் இதுவே. மிகப் பழைய சாவிகளோ எப்போதும் ஒரே குறியை அனுப்பின. அதனைப் பதிவுசெய்தவன் எவனும் மீண்டும் ஒலிபரப்பிக் கதவைத் திறக்கலாம். எனவே மாறாத குறியுள்ள சாவியை மாறும் குறியுள்ளதாக ஆக்குவது உண்மையான முன்னேற்றம். ஆனால் குறிப்பேடு இரண்டும் ஒத்திருக்க வேண்டுமன்றோ? ஆதலால் சாவியை மட்டும் மாற்றிப் பயனில்லை. அதனைக் காரிலுள்ள ஏற்புக்கருவிக்கு உரிய சோதனைக் கருவியால் அறிமுகப்படுத்த வேண்டும். அல்லது இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

மாறும் குறிகளுள் புகழ்பெற்றது 'கீலாக்'. 1980களில் தென்னாப்பிரிக்காவில் பிறந்த இதனை 1995இல் அமெரிக்க மைக்ரோசிப் நிறுவனம் விலைக்கு வாங்கியது. அதன் கணக்குமுறையை வெளியார் அறியாதவாறு மறைத்து வைத்திருந்தனர். அது வெளிப்பட்டதும், 2007இல் ஆராய்ச்சியாளர் அதன் பலவீனங்களை எடுத்துக்காட்டினர். 2008இல் ஜெர்மனியின் போகும் பல்கலைக்கழகத்தார், சாவி உட்கொள்ளும் மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வை அளந்தே உள்ளிருக்கும் இரகசிய எண்ணைக் கண்டெடுத்தனர். பூட்டின் அமைப்பை ஊரறிந்தாலும் திறவுகோல் இல்லாதவனுக்கு அது திறவாதிருக்க வேண்டும் என்னும் கொள்கையை 1883லேயே கெர்க்கோஃப்ஸ் என்னும் அறிஞர் வகுத்துவிட்டார். அதனை மறந்ததன் விளைவு இது. ஆகையால் புதிய கருவி வாங்குவோர், "இது இரகசியமானது" என்னும் விளம்பரத்தை நம்பாமல், அறிஞர் பலரும் சோதித்துப் பார்த்த முறையினதா என்று வினவ வேண்டும்.

இன்னொரு கவர்ச்சியும் உண்டு. பொத்தானை அழுத்தாமலே, அருகில் சென்றதும் கதவு திறக்கும் அமைப்பைப் பழங்காரிலும் பொருத்துகிறார்கள். 2011இல் சூரிச் நகர ஆராய்ச்சியாளர்கள், தொழிற்சாலையிலேயே இவ்வமைப்புடன் வந்த 10 வகைக் கார்களைச் சோதித்தனர். வீட்டுக்குள் இருக்கும் சாவியின் அலையை வெளியே நிற்கும் கார்வரை கடத்திச் சென்று கதவைத் திறக்கலாம் என்று மெய்ப்பித்தனர். அழுத்தினாலன்றிப் பேசாத சாவிக்கு இவ்விடர் இல்லை. புதியதெல்லாம் மேலானதன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மேலும், பழங்காரின் மதிப்பு அதன் இயல்பு கெடாமையில் இருக்கிறது. ஆதலின் மூலக் கம்பிகளை வெட்டாமல், வேண்டும்போது பழைய நிலைக்கே மீட்கக்கூடியவாறு புதியதை இணைத்தலே முறை. கழற்றிய பழைய சாவியையும் கருவியையும் எறிந்துவிடாமல் பெட்டியில் வைத்துக் காத்தல் வேண்டும்.

நண்பர்களே, நம்மிற் பலர் இத்தகைய கார்களைக் கண்ணாலும் காணாதிருக்கலாம். ஆயினும் கைப்பேசி, கைக்கடிகாரம், வானொலிப் பெட்டி என்று நாம் கையாளும் கருவிகள் அனைத்திற்கும் இந்நெறி பொருந்தும். எது பழுது என்று முதலில் ஆராயுங்கள், திருத்தக்கூடியதைத் திருத்துங்கள், மாற்ற வேண்டியதை மட்டும் மாற்றுங்கள். மாற்றும்போது, புதியது எந்த வகையில் சிறந்தது என்னும் வினாவைக் கேட்காமல் விடாதீர்கள்.