பழைய கணினியும் அமானிதமும்



புகழ் அனைத்தும் வல்ல நாயன் அல்லாஹ்வுக்கே உரித்தாகுக. ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மது (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

அண்மையில் யாழ்ப்பாணத்தில் அஸர் தொழுகையின் பின் இளைஞர் ஒருவர் என்னை அணுகினார். பழைய இரும்பு வியாபாரம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை. பண்ணைத் தாம்போதியைக் கடந்து தீவகத்திலுள்ள புளியங்கூடலுக்குச் சாமான் எடுக்கச் சென்றிருக்கிறார். அங்கே ஒரு பூட்டிய வீடு. உரிமையாளர் லண்டனில் வாழ்கிறார். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் அயல்வீட்டு முதியவர். கூரை திருத்துவதற்காக அறைகளை ஒழித்தபோது, பெட்டியோடு ஒரு சிறு கணினி வெளிப்பட்டது. தொலைக்காட்சியில் இணைத்து, ஒலிநாடாவிலிருந்து நிரல் ஏற்றும் பழைய சின்கிளேயர் ஸ்பெக்ட்ரம். “இரும்பு விலைக்கு எடுத்துக்கொண்டு போ தம்பி” என்றாராம் முதியவர்.

இளைஞரோ தம் கைப்பேசியில் தேடிப் பார்த்து, இத்தகைய கணினிகளுக்கு வெளிநாட்டில் பெரும் விலை கேட்கப்படுவதைக் கண்டார். இதனை வாங்கி, இன்னும் நான்கைந்தைக் கொழும்பிலும் தேடிச் சேர்த்து, விற்று இலாபம் காணலாம் என்று எண்ணினார். முதலுக்குத் தாயார் தம் காப்பை அடகு வைக்கவும் இசைந்துவிட்டார். “ஹஸரத், வாங்கலாமா?” என்பதே கேள்வி.

அன்பர்களே! இக்கேள்விக்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. முதலில் பொருளின் உண்மை நிலையை அறிவோம். 1976ஆம் ஆண்டு அமெரிக்காவில் உருவான அப்பிள்-1 என்னும் கணினி ஏறக்குறைய 200 மட்டுமே செய்யப்பட்டது. அன்று 666.66 டொலருக்கு விற்ற அதனுள் ஒன்றை, 2014இல் அமெரிக்காவின் ஹென்றி ஃபோர்ட் அருங்காட்சியகம் ஏலத்தில் 9,05,000 டொலர் கொடுத்து வாங்கியது. இச்செய்தியைக் கேட்டவர்கள் பழைய கணினி எல்லாம் பொன் என்று மயங்குகிறார்கள். ஆனால் 1982இல் பிரித்தானியாவில் வெளிவந்த ஸ்பெக்ட்ரம் 50 இலட்சத்துக்கும் மேல் விற்பனையானது. பழமை வேறு, அருமை வேறு. கேட்கப்படும் விலை வேறு, உண்மையில் விற்ற விலை வேறு. இயங்குகிறதா என்பதும் தெரியாது. அதன் விசைப்பலகையினுள் உள்ள மென்தகடு காலத்தால் காய்ந்து வெடிக்கும்; மின்தேக்கிகள் கெட்டுப்போகும்; தீவகத்தின் உப்புக் காற்று உலோகத்தை அரிக்கும். அனுப்பும் செலவும் உண்டு. இவற்றையெல்லாம் கழித்த பின் எஞ்சுவதே இலாபம்.

இனி மார்க்கத்தின் பக்கம் வருவோம். முதற்கேள்வி: பொருள் யாருடையது? காவலுக்கு இருப்பவர் உரிமையாளர் அல்லர். அவரிடம் இருப்பது அமானிதம். அனுமதியின்றி அவர் விற்றால் அவ்விற்பனை செல்லாது. “யாரும் கேட்கப்போவதில்லை” என்று நாம் சொல்லலாமா? 1990 ஒக்டோபர் 30இல் விடுதலைப் புலிகளால் யாழ் நகரிலிருந்து வெளியேற்றப்பட்டபோது நம் பெரியோர்க்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். வீடும் கடையும் பொருளும் பின்னே நின்றன. அவற்றை யார் எடுத்தார், யாரிடம் விற்றார் என்று இன்றும் நம் வீடுகளில் பேசுகிறோம். அந்த வேதனையை அறிந்த சமுதாயம், பிறர் விட்டுச்சென்ற வீட்டின் பொருளைக் கேளாமல் எடுக்கத் துணியலாமா? உரிமையாளர் எச்சமயத்தவராயினும் அவர் உரிமை உரிமையே.

இரண்டாம் கேள்வி: விற்பவரின் அறியாமை நம் இலாபமா? சந்தை விலை அறியாது சரக்குக் கொண்டுவருவோரை ஊருக்கு வெளியே எதிர்கொண்டு வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றவர் சந்தைக்கு வந்து விலை அறிந்தபின் விற்பனையை முறிக்கும் உரிமையையும் வழங்கினார்கள். நபித்தோழர் ஜரீர் (ரலி) அவர்களுக்காக ஒரு குதிரை 300 திர்ஹத்துக்குப் பேசப்பட்டபோது, அது இன்னும் பெறுமதியானது என்று தாமே விலையை உயர்த்தி 800 கொடுத்தார்கள் என அறிவிக்கப்படுகிறது. எல்லோரும் அவ்வாறு கூட்டிக் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. வியாபாரி தன் அறிவாலும் உழைப்பாலும் இலாபம் பெறுவது ஹலாலே. ஆனால் விலையைக் கேட்பவரிடம் பொய் சொல்லக்கூடாது. வாங்குபவரிடமும் அப்படியே: தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மேலே வைக்காத வியாபாரியைக் கண்டித்தார்கள். நம் காலத்து ஈரம் கணினிப் பலகையில் இருக்கும் துருவே. புகைப்படத்தில் அதை மறைப்பது ஏமாற்று.

மூன்றாம் கேள்வி: எந்தப் பணத்தில்? பெற்றோரே, பிள்ளையின் முயற்சிக்குக் கைகொடுங்கள்; ஆனால் வட்டிக்கு அடகு வைத்துக் கைகொடுக்காதீர்கள். கணினி என்று விற்கும் என்பது தெரியாது. வட்டியோ நாள்தோறும் ஏறும். கையிருப்புப் பணமானாலும், முழுதும் போனால் வீடு தாங்குமா என்று எண்ணிப் பாருங்கள். விற்பதற்கென வாங்கிய சரக்கு நிஸாபை எட்டினால், ஆண்டு முடிவில் அன்றைய விலைப்படி இரண்டரை வீதம் ஸகாத்தும் உண்டு. அலமாரியில் தூங்கும் சரக்கானாலும் அந்தக் கடமை நீங்காது.

அவ்வாறாயின் வழி என்ன? நான் அவரிடம் கூறியது இதுவே: “தம்பி, முதியவர் மூலம் லண்டனுக்குத் தொலைபேசியில் பேசும். பொருள் இருப்பதையும், வெளிநாட்டில் கேட்கும் விலையையும், உமக்குத் தெரியாதவற்றையும் சொல்லும். அவர் விற்க விரும்பினால், நீர் வாங்க வேண்டியதில்லை. அவருக்காக விற்றுக் கொடும். உம் கூலியை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளும்.” முதலும் வேண்டாம், வட்டியும் வேண்டாம், விற்காவிட்டால் நட்டமும் சொற்பம். விற்றாலோ தொழிலைக் கற்ற பயனும் கைகூடும்.

அவர் பேசினார். உரிமையாளர் இசைந்தார். அந்தக் கணினி இன்னும் விற்கவில்லை. எப்போது விற்கும் என்பதை அல்லாஹ்வே அறிவான். ஆனால் அவர் தாயாரின் காப்பு அவர் கையிலேயே இருக்கிறது.

வல்ல அல்லாஹ் நம் இளைஞர்களுக்கு ஹலாலான சம்பாத்தியத்தையும், நம் பெற்றோர்க்கு நிதானத்தையும், நம் அனைவர்க்கும் அமானிதம் பேணும் உள்ளத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.