கல் செதுக்கியவன் நெஞ்சு



எனக்கு முன் பேசியவர்கள் பல்லவனைப் புகழ்ந்தார்கள். 2017-ல் நம் மாமல்லபுரத்துக் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைச் சொன்னார்கள், கை தட்டினீர்கள். நான் கேட்கிறேன்: கல்லுக்குக் குறியீடு கொடுத்தீர்களே, அதைச் செதுக்கியவன் நெஞ்சுக்கு என்ன கொடுத்தீர்கள்?

ஒருவர் இருந்தார். பெயர் சொல்ல மாட்டேன், அவர் வீட்டார் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். யாளியின் வாய்க்குள் கல்லுருண்டையை உருளவிட்ட கை அது! கடைசியில் அவரால் பத்துப் படி ஏற முடியவில்லை. காசம் என்று மாத்திரை கொடுத்தார்கள். "ஐயா, என்ன தொழில்?" என்று ஒருவரும் கேட்கவில்லை!

அவர் நெஞ்சில் நடந்தது என்ன? கிரைண்டர் ஓடும்போது கண்ணுக்குத் தெரியும் புழுதி மூக்கோடு நின்றுவிடும். மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குக்கும் சிறிய சிலிக்காத் துகள்தான் கடைசிக் காற்றறை வரை போகிறது. மாக்ரோஃபேஜ் என்னும் காவல் செல் அதை விழுங்குகிறது. கிருமியென்றால் அந்தச் செல்லின் பைக்குள் இருக்கும் நொதிகள் செரித்துவிடும். கல் செரிக்குமா? வலையில் பாறை சிக்கினால் கிழிவது வலைதானே, மீனவச் சொந்தங்களே! பை கிழிகிறது; கெதெப்சின் நொதி வெளியே கொட்டுகிறது; செல் சாகிறது. சாகும் முன் அது விட்ட இன்டர்லூக்கின்-1 கூப்பிட, நியூட்ரோஃபில்கள் எலாஸ்டேஸ் நொதியோடு திரண்டு வருகின்றன. கிருமியைக் கொல்ல வைத்திருந்த ஆயுதம் நம் நுரையீரலின் மீள்நாரையே அறுக்கிறது! செத்த செல் விட்ட துகளை அடுத்த செல் விழுங்குகிறது. அதனால்தான் தொழிலை விட்டாலும் சிலிகோசிஸ் என்னும் இந்த நோய் விடுவதில்லை. இப்படி நுரையீரலில் விழும் தழும்பை அகற்ற மருந்தில்லை. காசநோயும் சுலபமாகத் தொற்றும்.

சிலர் சொல்கிறார்கள், சிற்பிக்குத் தூசு பழகிப்போச்சாம்! மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்காமல் சிலைக்கு மாலை போட்டவர்கள் சொல்கிறார்கள்! ஒரே ஒரு நாள் பட்டறையில் வந்து உட்காரட்டும்!

ராஜஸ்தானில் பிண்ட்வாரா என்று ஓர் ஊர். நம்மைப்போல் கோயில் கல் செதுக்குகிறவர்கள். சிலிகோசிஸ் அங்கே குடும்பம் குடும்பமாகக் கொண்டுபோனது. தொழிலாளர்கள் விடாமல் கேட்டார்கள். 2019-ல் அந்த மாநிலம் தனிக் கொள்கையே வகுத்தது. நோய் உறுதியானால் 3 லட்சம், இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம். இங்கே எங்கே ஐயா அது?

நான் சொன்ன அந்தப் பெரியவர், மூச்சு வாங்கிய நிலையிலும், பையன்களிடம் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டே இருந்தார்: "தண்ணி விட்டு அறுடா!" ஈரக் கல்லில் தூசு அவ்வளவாக எழும்பாது. அவர் படித்த படிப்பு அது!

நுரையீரலுக்கென்றே 1928-ல் தொடங்கிய தாம்பரம் சானடோரியம் பக்கத்திலேயே இருக்கிறது. சிற்பிகளுக்கு அங்கே ஆண்டுதோறும் எக்ஸ்ரே, பட்டறைதோறும் தூசு உறிஞ்சி, தண்ணீர்க் குழாய் வேண்டும்! இதைக் கேட்கும் மனு அந்த மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் சாப்பாட்டுக்குப் போக வேண்டும்!