ஊரை ஆக்குவது அரசாணையா, ஊராரா?



மக்கள் கூடி வாழ்வதால் ஊர் தோன்றுகிறது. நகராட்சி எதனால் தோன்றுகிறது? ஆள்வோர் இடும் கையொப்பத்தினாலா? அங்கு வாழ்வோர் இசைவினாலா? இவ் வினா பிலிப்பைன்சு நாட்டில் தலைமை முறைமன்றம் வரை சென்றது.

1964ஆம் ஆண்டு செப்தம்பர், அக்தோபர் ஆகிய இரு திங்களுள், குடியரசுத் தலைவர் தியோசுதாதோ மக்கபகல் தம் ஆணைகளாலேயே 33 புதிய நகராட்சிகளை ஆக்கினார். அமெரிக்கர் ஆண்ட காலத்தில், 1917இல் எழுதப்பெற்ற ஆட்சிச் சட்டத்தொகுப்பின் ஒரு பிரிவே அவருக்குத் துணை. மக்கள் மன்றம் சட்டம் இயற்றவில்லை. ஊரார் ஒப்போலை இடவுமில்லை.

துணைத் தலைவராய் இருந்த எமானுவேல் பெலாயெசு, வரி செலுத்தும் குடிமகன் என்னும் உரிமையையும் முன்வைத்து வழக்குத் தொடுத்தார். இந் நகராட்சிகளுக்குப் பொதுப்பணம் செலவிடலாகாது என்பது அவர் வேண்டுகை. 1965 திசம்பர் 24ஆம் நாள் தலைமை முறைமன்றம் அவ்வாணைகள் செல்லாவெனத் தீர்ப்பளித்தது.

தீர்ப்பின் ஏரணம் எளியது, கூரியது. 1960ஆம் ஆண்டு முதல், சிற்றூர் ஒன்றைக்கூடக் குடியரசுத் தலைவர் ஆக்க இயலாது என்று சட்டம் இருந்தது. சிற்றூரை ஆக்க இயலாதவர், சிற்றூர் பலவற்றின் தொகுதியாகிய நகராட்சியை எவ்வாறு ஆக்குவார்? மேலும், தமக்கு இணங்காத ஊராட்சிப் பொறுப்பாளர் ஒருவர் வாழும் சிற்றூரைப் பிரித்துப் புதிய நகராட்சியுள் சேர்த்துவிட்டால், அவர் பதவி தானே ஒழியும். பிரித்தாளும் கத்தி அரசாணைக்குள் மறைந்திருப்பதை மன்றம் கண்டது.

இனி, மொழிப்பற்றுடையோர் உன்னற்குரியது ஒன்று. அந் நாட்டுச் சிற்றூரை எசுப்பானியர் 'பாரியோ' என்றனர். மண்ணின் பழஞ்சொல் 'பரங்காய்'. கடல்வழி வந்த குடிகளின் படகைக் குறித்த சொல்லே ஊருக்கும் பெயராயிற்று என்பர். 1974இல் பெர்தினாந்து மார்க்கோசின் ஆணையால் 'பாரியோ' நீங்கிப் 'பரங்காய்' மீண்டது. மகிழத்தக்கதே! ஆனால், அதே மார்க்கோசுதான் 1972இல் படைத்துறைச் சட்டத்தைப் பிறப்பித்துச் சட்டமியற்றும் அதிகாரத்தையும் தம் கைக்குள் அடக்கியவர். ஊர்ப்பெயர் மீண்டது; ஊருரிமை மீளவில்லை. சொல்லை மட்டும் மீட்டு உரிமையை இழப்பது, உமியைக் காத்து நெல்லை விடுவதற்கு ஒப்பாகும்.

மார்க்கோசின் வீழ்ச்சிக்குப் பின் வந்த 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பு, ஒப்போலையின்றி நகராட்சியை ஆக்கவோ பிரிக்கவோ கூடாதென்றது. 1991ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் அளவைகளையும் வகுத்தது. மக்கள் 25,000 பேர், தொடர்ந்த நிலம் 50 சதுரக் கிலோமீட்டர், ஆண்டு வருவாய் 25 இலக்கம் பெசோ. இவற்றின்மேல் மக்கள் மன்றத்தின் சட்டம்.

எனினும் சிக்கல் தீரவில்லை. இலாபோ நகராட்சியின் சிற்றூர்கள் சிலவற்றைப் பிரித்துத் 'துலாய்-நா-லூப்பா' என்னும் நகராட்சியை ஆக்க 1991இல் சட்டம் இயற்றப்பெற்றது. இலாபோ முழுவதும் ஒப்போலை நடந்தது. இசைந்தோர் 2,890, மறுத்தோர் 3,439. புதிய நகராட்சி கருவிலேயே மாய்ந்தது. பிரியும் ஊர்களின் ஒப்போலையை மட்டுமே எண்ணவேண்டும் என்ற வழக்கை 1992இல் தலைமை முறைமன்றம் தள்ளிற்று. தாய் நகராட்சியின் எல்லையும் வருவாயும் குறைவதால், அங்குள்ளோரும் ஒப்போலை இடவேண்டும் என்பது அதன் முடிபு.

எஞ்சி நிற்போர்க்கு இழப்புண்டு, உண்மையே. அவ் விழப்பைச் சொத்திலும் கடனிலும் நேரிய பங்கீட்டால் ஈடுசெய்யலாம். அதற்காகப் பிரிய விரும்புவோரின் விருப்பத்தை, உடன் வாழ்வோரின் தலையெண்ணிக்கையால் அமிழ்த்துவது முறையாகுமா? ஒருவர் ஆணையால் பிரிப்பது கொடுமையெனின், பலர் எண்ணிக்கையால் பிரியவிடாது பிணிப்பதும் மென்மையாகாது.

சிறுபான்மையாய் நிற்கும் ஒவ்வோர் ஊரும், ஒவ்வோர் இனமும் நெஞ்சிற் பதிக்கவேண்டிய பாடம் இது. பெயரும் உரிமையும் ஒருங்கே மீளவேண்டும். ஊரை ஆக்கும் உரிமை ஊரார்க்கே உரியது!