பால்மரக் காட்டிலிருந்து பாசறைக்கு
(பாகூரில் மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

வில்லியனூரிலிருந்தும் பாகூரைச் சூழ்ந்த சிற்றூர்களிலிருந்தும் நடவு முடித்துச் சேறு காயுமுன்னே வந்தமர்ந்திருக்கின்ற தாய்மார்களே! தோழர்களே!

இந்தப் பாகூரின் பெயரால் ஒரு செப்பேடு உண்டு. 9ஆம் நூற்றாண்டில், நிருபதுங்கப் பல்லவன் காலத்தில், இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாக எழுதிவைத்த செய்தியை அது சொல்கிறது. அரசன் பெயர் அதில் உண்டு, கொடுத்தவன் பெயர் உண்டு, ஊர்ப்பெயர்களும் உண்டு. அவ்வூர் வயல்களில் நாற்று நட்ட ஒருத்தியின் பெயர் இல்லை. இன்று நான் பேச வந்தது போர்க்களத்துப் பெண்களைப் பற்றி. ஆனால் அங்கும் இதே கதைதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1942 பிப்பிரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் சப்பானியரிடம் வீழ்ந்தது. மலையாவின் பால்மரத் தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் ஓடிவிட்டனர். தமிழ்க் கூலிமக்களுக்கோ ஓட இடமில்லை. பால் எடுப்பது நின்றது; கூலி நின்றது; அரிசி அருகியது. போதாக்குறைக்குச் சயாமுக்கும் பருமாவுக்கும் இடையே இருப்புப்பாதை போடுவதற்கென்று சப்பானியர் ஆடவரை அள்ளிச் சென்றனர். கழிச்சலிலும் காய்ச்சலிலும் அடியிலும் பட்டினியிலும் அங்கே பல்லாயிரம் தமிழர் மாண்டனர்.

அந்தச் சூழலில், 1943 சூலையில், சுபாசு சந்திர போசு சிங்கப்பூர் வந்தார். பெண்களுக்கும் ஒரு படை என்று அறிவித்தார். அதன் தலைவியானவர் சென்னையில் மருத்துவம் பயின்று, சிங்கப்பூரில் ஏழைத் தொழிலாளர்க்கு மருத்துவம் பார்த்துவந்த இலக்குமி சாமிநாதன். படைக்குச் சான்சி அரசியின் பெயர் இடப்பட்டது. சான்சி அரசிக்கு முக்கால் நூற்றாண்டு முன்பே, 1780இல், இழந்த சிவகங்கையை வாள்முனையில் மீட்டவர் நம் வேலுநாச்சியார்! பெரும்பாலும் தமிழ்ப் பெண்களால் அமைந்த ஒரு படைக்கு அந்தப் பெயர் ஒருவர் நினைவிலும் எழவில்லையே என்னும் ஏக்கம் எனக்கு உண்டு. போகட்டும்.

கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் 1925இல் பிறந்தவர் சானகி தேவர். அப்போது அவருக்கு அகவை 18. போசு பேசுகிறார் என்று கேட்டு மிதிவண்டியில் போனார். பேச்சு முடிந்ததும் அணிந்திருந்த நகைகளைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். வீட்டில் புயல்! படையில் சேரவேண்டுமானால் தந்தையின் இசைவு வேண்டும். தந்தையோ இசையவில்லை. பெண் என்ன செய்தார் தெரியுமா? அழவில்லை; இரவோடிரவாக ஓடிப்போகவுமில்லை. இலக்குமியையே வீட்டுக்கு அழைத்துவந்து தந்தையின் முன் உட்காரவைத்தார். தந்தை கையொப்பமிட்டார்.

1943 அக்தோபர் 22இல் சிங்கப்பூரில் பயிற்சிப் பாசறை திறந்தது. செல்வமாக வளர்ந்த சானகிக்குப் பாசறைச் சோறு முதலில் தொண்டையில் இறங்கவில்லை. அழுததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதே சோற்றைத் தோட்டத்துப் பெண்கள் எப்படி உண்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களுக்கு அது நாள்தோறும் தவறாமல் கிடைத்த சோறு. கங்காணியின் வசையின்றி உண்ட சோறு. நாட்டுப்பற்று ஒன்றே அவர்களை இழுத்தது என்று நான் மேடைக்காகச் சொல்லமாட்டேன். பசியும் இழுத்தது, பாதுகாப்பு வேண்டும் என்ற அச்சமும் இழுத்தது. தம் அண்ணன்மாரை இருப்புப்பாதைக்கு இழுத்துச் சென்ற சப்பானியரோடே அந்தப் படை கைகோத்திருந்தது என்பதையும் நாம் மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் நேற்றுவரை துரையைக் கண்டு தலைகுனிந்தவள், இன்று நிமிர்ந்து நின்று துமுக்கியைத் தோளில் ஏற்றினாள். அந்த நிமிர்வை எவரும் அவளுக்கு இரவலாகக் கொடுக்கவில்லை.

மொழியைப் பற்றி ஒன்று சொல்லாமல் போனால் இந்த மேடைக்கு நான் உண்மையாக இருந்தவனாக மாட்டேன். படையின் கட்டளைமொழி இந்துத்தானி; அதையும் உரோமன் எழுத்தில் கற்பித்தார்கள். தாய்மொழியையே எழுதப் படிக்க அறியாதிருந்த பெண்ணுக்கு, அவள் அறியாத மொழி, அவள் காணாத எழுத்தில்! நில், திரும்பு, நட என்று சொல்லத் தமிழில் சொல்லா இல்லை? கூட்டத்துக்கு ஆள் சேர்க்கும்போது மட்டும் போசின் பேச்சு தமிழில் பெயர்த்துரைக்கப்பட்டது. பொன்னும் ஆளும் கேட்கத் தமிழ். ஆணையிட வேறு மொழி!

1944இல் படையின் ஒரு பகுதி பருமாவுக்குப் போயிற்று. இம்பால் போர் தோற்றதால் பெண்கள் போர்முனைக்கு அனுப்பப்படவில்லை. காயம்பட்டவர்க்குப் பணிவிடை செய்தார்கள். தாயகம் நோக்கித் திரும்பிய ஒரு குழுவினரின் தொடர்வண்டி வழியில் தாக்கப்பட்டு, சுடெல்லா, யோசபின் என்னும் இரு பெண்கள் மாண்டனர்.

1945 ஏப்பிரல் 24 இரவு, ஆங்கிலப் படை நெருங்கிவர, இரங்கூனை விட்டு எஞ்சிய பெண்களும் போசும் புறப்பட்டனர். அவர்களுள் படையின் துணைத்தலைவியாக உயர்ந்திருந்த சானகியும் ஒருவர். பகலில் வானூர்திகள் சுட்டன. ஆகவே இரவில் நடந்தார்கள். சரக்குந்துகள் சேற்றில் புதைந்தன. சித்தாங்கு ஆற்றைக் கடந்தார்கள். ஓரிடத்தில் போசு காலணியைக் கழற்றியபோது பாதமெல்லாம் கொப்புளமாக இருந்ததைச் சானகி கண்டார். பாங்காக்கை அடைய ஏறத்தாழ மூன்று கிழமை ஆயிற்று. அப்போது அவருக்கு அகவை 20.

போர் முடிந்தபின் சானகி வீட்டில் முடங்கவில்லை. 1946இல் மலாயா இந்தியர் பேராயம் தோன்றியபோது அதன் தொடக்க உறுப்பினருள் ஒருவரானார். இதழாசிரியர் ஆதி நாகப்பனை மணந்தார். பின்னர் மலேசிய மேலவையிலும் அமர்ந்தார். 2000இல் இந்திய அரசு பதுமசிரீ விருது அளித்தது. 2014 மே 9இல் கோலாலம்பூரில் மறைந்தார். எழுத்தறிந்தவர், ஆகவே தம் கதையைத் தாமே சொல்ல முடிந்தது. அவரோடு நடந்த தோட்டத்துப் பெண்கள் மீண்டும் அதே பால்மரங்களுக்கு, அதே விடியற்காலை வாளிக்குத் திரும்பினார்கள். அவர்கள் சொன்னதை எழுதச் சுவடியோடு போனவர் மிகச் சிலரே.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று பின்வரிசையில் ஒரு தம்பி கேட்கிற முகத்தோடு இருக்கிறார். 1940 செப்தம்பரிலேயே புதுவையின் பிரெஞ்சு ஆளுநர் போன்வென் தெகோலின் பக்கம் சேர்ந்துவிட்டார். ஆகவே இந்த மண் ஆங்கிலவர் அணியில் நின்றது. ஆனால் நம்மவர் நிரம்ப வாழ்ந்த சைகோனில் புதுவைத் தமிழர் பலர் போசின் இயக்கத்துக்கு இடமும் பொருளும் தந்தனர். 1945 ஆகத்து 17இல் போசு தம் இறுதிப் பயணத்துக்கு வானூர்தி ஏறியதும் அந்தச் சைகோனில்தான்.

ஆகவே கேட்கிறேன். வில்லியனூரிலும் பாகூரிலும் சைகோன் போய்வந்த குடும்பங்கள் உண்டு. மலையாவுக்குப் பெண் கொடுத்த குடும்பங்களும் உண்டு. பரணில் பழைய மடல்கள் கிடக்கும், ஒளிப்படங்கள் கிடக்கும். பின்புறத்தில் ஒரு பெயர் எழுதியிருக்கும். பாட்டிமார் உயிரோடிருந்தால், இன்றிரவே பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள். அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தத் தாளைக் கையோடு கொண்டுவாருங்கள்.