மசாலாவுக்குப் பட்டா உண்டா?



சரக்கின் பொதுப்பெயருக்கு டிரேட்மார்க் பாதுகாப்பு தரலாமா என்பது தலைப்பு. தரக்கூடாது என்பது என் கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒருபுறம் அம்பத்தூர் தொழிற்பேட்டை, மறுபுறம் பூந்தமல்லி. இடையில் வானகரத்தில், வீட்டு மாடியிலேயே பொடி அரைத்துப் பாக்கெட் போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பவர்கள் இந்த அரங்கிலும் இருப்பீர்கள். இது உங்கள் பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

2010-இல் ஐ.டி.சி. நிறுவனம் யிப்பீ நூடுல்ஸை இறக்கியது. அதில் ஒரு வகைக்குப் பெயர் 'மேஜிக் மசாலா'. 2013-இல் நெஸ்லே தன் மேகியில் 'மேஜிக்கல் மசாலா' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஐ.டி.சி. சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. வழக்கு ஏழு ஆண்டு நடந்து, 2020 ஜூனில் தள்ளுபடியானது. அதே ஆண்டு மேல்முறையீடும் தோற்றது. மசாலா எல்லாருக்கும் பொது, 'மேஜிக்' என்பதோ சரக்கைப் புகழ்ந்து சொல்வது, இரண்டையும் ஒட்டவைத்ததால் தனியுரிமை வந்துவிடாது என்பதே தீர்ப்பின் சாரம்.

அந்தப் பாக்கெட்டுகளை எடுத்துப் பாருங்கள். யிப்பீ, மேகி என்ற பெயர்கள்தான் கண்ணில் அடிக்கும்; சுவையின் பெயர் அதற்கு அடுத்தபடிதான். மளிகைக் கடையில் "மேகி குடுங்கண்ணே" என்பார்கள். "மேஜிக் மசாலா குடுங்க" என்று கேட்டு, வேறொன்றை வாங்கி ஏமாந்தவரை நான் பார்த்ததில்லை. லேஸ் சிப்ஸிலும் அதே பெயரில் ஒரு சுவை இருக்கிறதே!

1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, சரக்கின் வகை, தரம், அளவு, பயன், ஊர் ஆகியவற்றை மட்டும் சொல்லும் பெயரைப் பதிவு செய்ய மறுக்கிறது. உங்களில் சிலர் இட்லிப்பொடி லேபிளைப் பதிவு செய்து, சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கலாம். 17-ஆம் பிரிவின்படி உரிமை முழு லேபிளுக்குத்தான். அதிலுள்ள 'இட்லிப்பொடி'க்கு அல்ல. பக்கத்துத் தெருக்காரர் அந்தச் சொல்லைப் போடுவதைத் தடுக்க முடியாது. உங்கள் லேபிளின் நிறத்தையும் அமைப்பையும் அப்படியே காப்பியடித்தால் அது வேறு கதை; அங்கே நீதிமன்றம் உங்கள் பக்கம் வரும், வரவும் வேண்டும்.

மருந்திலும் இதே நியாயம்தான். 'மெரோனெம்' வைத்திருந்த ஆஸ்ட்ராஜெனெகா, 'மெரோமெர்' என்று பெயரிட்ட சென்னை ஆர்கிட் நிறுவனத்தின்மேல் வழக்குப் போட்டது. இரண்டு பெயரும் மெரோபெனெம் என்ற மருந்திலிருந்து வந்தவை. 2007-இல் டெல்லி உயர் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தது.

ஆனால் 9-ஆம் பிரிவிலேயே ஒரு கொல்லைப்புற வாசலும் இருக்கிறது. நெடுநாள் புழக்கத்தால் ஒரு பெயர் தனி அடையாளம் பெற்றுவிட்டால் பதிவு கிடைக்கும். காசு போட்டு வளர்த்தவனுக்குப் பலன் வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த அடையாளத்தை விளம்பரத்தால் வாங்க யாரிடம் பணம் இருக்கிறது? 2020-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், 'புக்கிங்' என்ற பொதுச்சொல்லைக் கொண்ட 'புக்கிங் டாட் காம்' என்பதைப் பதிவு செய்யலாம் என்று எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. மறுத்தவர் நீதிபதி பிரையர் ஒருவரே. நான் அந்த ஒருவர் பக்கம்.

பெயரைக் காக்க வேறு வழியும் உண்டு; கோவில்பட்டிக்காரர்கள் செய்ததைப் பாருங்கள். 2020-இல் கடலை மிட்டாய்க்குப் புவிசார் குறியீடு வாங்கினார்கள். எந்தத் தனிக் கம்பெனிக்கும் அது போகவில்லை. 'கடலை மிட்டாய்' என்று வானகரத்திலும் தாராளமாக அச்சடிக்கலாம்; 'கோவில்பட்டி' என்று போடத்தான் முடியாது.

கடைசியாக ஒரு வேலை. டிரேட்மார்க் இதழ் வாராவாரம் இணையத்தில் இலவசமாக வருகிறது. பொதுப்பெயரை யாராவது வளைத்துப்போடப் பார்த்தால், வெளியான நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் ஆட்சேபிக்கலாம். இணையவழிக் கட்டணம் வகைக்கு 2,700 ரூபாய். அதற்குப் பிறகு நீக்கக் கோரி மனுப் போட்டு அலைய வேண்டும். இங்குள்ள உற்பத்தியாளர் சங்கங்கள் இதழைப் படிக்க ஓர் ஆளைப் போடட்டும்.