பவனி போன பிறகு



'சீசனும் கலைகளும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நான் அருவியை வருணிப்பேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். அந்த வேலையை நம் மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்பே முடித்துவிட்டார். அவருக்குப் பிறகு குற்றாலத்தில் நின்றுகொண்டு அருவியை வருணிக்கத் துணிச்சல் வேண்டும், எனக்கு இல்லை. சீசனில் படத்துக்கும் கச்சேரிக்கும் ஒன்றாகப் போகிற கணவன் மனைவியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அடுத்த வீட்டுக் கதை எதற்கு, நானும் என் வீட்டுக்காரரும் போதும். அவர் மூன்றாவது வரிசையில் இருக்கிறார். யாரும் திரும்பிப் பார்க்காதீர்கள், கூச்சப்படுவார்.

நாட்டுக்கெல்லாம் கோடை விடுமுறை ஏப்ரல், மே. தென்காசியில் அந்த இரண்டு மாதமும் வெயிலில் காய்வதோடு சரி. ஜூன் பிறந்து, செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று குளிர்ந்து வீசி, முகத்தில் சாரல் அடித்தால்தான் நமக்கு விடுமுறை உணர்வே வரும். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் போன் செய்தால் நம் உடம்பு சுகமா என்றா கேட்கிறார்கள்? "தண்ணி விழுதா?" என்றுதான் கேட்கிறார்கள்.

தண்ணீர் விழுந்துவிட்டால் எங்கள் வீட்டில் ஒரே பாடுதான். காலையில் அருவி, மாலையில் தென்காசியில் ஒரு படம். சாரல் திருவிழா நடக்கிற நாளென்றால் குற்றாலம் கலைவாணர் அரங்கில் கச்சேரி. ராத்திரி பிரானூர் பார்டரில் பரோட்டா. படத்தைப் பற்றிய சண்டை பரோட்டாக் கடையில் தொடங்கும். வீட்டுக் கதவைத் திறக்கும்வரை ஓயாது. அவருக்குக் கதாநாயகன் ஜெயித்தால் படம் நல்ல படம். எனக்கு அந்தக் கதாநாயகனின் அம்மா எங்கே போனாள் என்று தெரிந்தாக வேண்டும்.

அந்தக் கலைவாணர் அரங்கத்தின் பெயரையே கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் பெயர் சுவரில் இருக்கிறது. கூடவே நடித்த அவர் மனைவி டி.ஏ.மதுரம் பெயர் இல்லை. திரையில் அந்த அம்மாள் பதில் சொல்லாமல் கலைவாணர் சொன்ன நகைச்சுவையில் பாதி எடுபட்டிருக்குமா? அரங்கத்துக்குப் பெயர் வைத்தவர்கள் பாதியைத்தான் வைத்தார்கள் என்பது என் வழக்கு.

சினிமா நம் பக்கம் வந்துபோன கதை உங்களுக்குத் தெரியும். 1992இல் மணிரத்னம் எடுத்த 'ரோஜா'வின் கதாநாயகி சுந்தரபாண்டியபுரத்துப் பெண். 2005இல் 'அந்நியன்' பாட்டுக்காக அதே ஊர்ப் பாறையில் நடிகர்களின் முகங்களை வரைந்தார்கள். பாறைக்கு 'அந்நியன் பாறை' என்றே பெயராகிவிட்டது. சூரியகாந்தி பூக்கிற நாள்களில் கேரளத்திலிருந்து கார் காராக வந்து, பூவோடு ஒரு படம், பாறையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். 2023 ஏப்ரலில் மத்தளம்பாறைப் பக்கம் 'கேப்டன் மில்லர்' படப்பிடிப்பு, அனுமதி இல்லை என்று ஆட்சியர் உத்தரவால் நின்று, பிறகு அனுமதியோடு நடந்தது. அன்றைக்கு நடிகரைப் பார்க்கப் போய்விட்டு, வண்டியின் கறுப்புக் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள்.

பெரிய ஆளைப் பக்கத்தில் பார்க்கிற யோகம் எனக்கு ஐந்தருவியில் வாய்த்தது. பெண்கள் பக்கம் நல்ல தண்ணீர். பக்கத்தில் ஒரு பிள்ளை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "அக்கா, விட்டுடாதீங்க, தள்ளுது" என்றாள். "தலையைக் காட்டாதம்மா, முதுகைக் காட்டு" என்று சொல்லிக்கொடுத்தேன். நெடுநேரம் நின்றோம். பெயர் கேட்கவில்லை, அருவிக்குள் கேட்டாலும் காதில் விழாது. அன்று மாலை கச்சேரி மேடையில் விளக்குப் போட்டதும் பார்க்கிறேன், பட்டுச்சேலையும் பூவுமாக அதே பிள்ளை! நீங்கள் எல்லாரும் பாட்டுக் கேட்ட, பெரிய பெயர் பெற்ற பாடகி. பெயரைச் சொல்லமாட்டேன், அவர் குளிக்க வந்தது நிம்மதிக்காக.

என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்து, "ஏளா, என்ன அப்படிப் பாக்க?" என்றார். சொன்னேன். "ஒரு போட்டோ எடுத்திருக்கலாம்லா?" என்றார். "அருவிக்குள்ளயா?" என்றேன். அதற்குமேல் பேசவில்லை, பாட்டு தொடங்கிவிட்டது.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பாடகி கடைசிப் பாட்டை மிக மெதுவாக எடுத்தார். அன்றைய கச்சேரியிலேயே அதுதான் உயிர். அந்த நேரம் பார்த்து ஒரு கூட்டம் எழுந்து, போனைத் தூக்கிக்கொண்டு மேடையின் பின்வாசலுக்கு ஓடியது. அவர் இறங்கி வரும்போது முதல் ஆளாக நிற்க வேண்டுமாம். முகம் கிடைத்திருக்கும், பாட்டு போய்விட்டது. நாங்கள் கடைசிவரை இருந்து கேட்டுவிட்டு, "நான்தான் அந்த அக்கா" என்று சொல்லப் போகாமல், கடைசி டவுன் பஸ்ஸைப் பிடித்தோம்.

அருவிக்கு முன்னால் எல்லாரும் சமம் என்று மேடைதோறும் சொல்கிறார்கள். நான் அதை ஒப்பமாட்டேன். பழத்தோட்ட அருவிக்கு ஊரார் வைத்திருக்கும் பெயர் வி.ஐ.பி. அருவி, நமக்கு அங்கே அனுமதி இல்லை. அந்தப் பிள்ளை அங்கே போகாமல் ஐந்தருவிக்கு வந்ததால்தான் என் கையைப் பிடித்தாள்.

கவிராயரிடம் திரும்பி வருகிறேன். அவர் பாடிய குற்றாலக் குறவஞ்சி எப்படித் தொடங்குகிறது? குற்றாலநாதர் காளைமேல் பவனி வருகிறார். தெருவே திரண்டு பார்க்கிறது. பந்தாடிக்கொண்டிருந்த வசந்தவல்லி பார்க்கிறாள், மயங்குகிறாள். பெரிய ஆள் தெருவில் போவதைத் தற்செயலாகப் பார்த்துவிட்டுச் சோறு தண்ணீர் இறங்காமல் கிடக்கிற ரசிகையின் கதைதானே இது? சமயத்தில் ஊறிய பெரியவர்கள் கோபிக்கக் கூடாது, கவிராயர் கோபிக்கமாட்டார்.

பவனி போன பிறகு அந்தக் கவி யாரைப் பாடுகிறார் என்பதுதான் அழகு. தலைவர் தெருவைக் கடந்துவிட்டார். குறத்தி சிங்கி வருகிறாள், மலைவளம் சொல்கிறாள், கை பார்த்துக் குறி சொல்கிறாள், பரிசு வாங்கிக்கொண்டு போய்விடுகிறாள். பிறகு அவளைக் காணாமல் அலைகிற அவள் கணவன் சிங்கன். தேடிப் பிடித்ததும் அவன் கேட்கிற கேள்விகள்! காலில் இது என்ன பாம்பு மாதிரி என்கிறான். குறி சொல்லி வாங்கிய சிலம்பு என்கிறாள் சிங்கி. நகைக்கு நகை கேள்வி, கேள்விக்குக் கேள்வி பதில். சந்தேகமும் ஆசையும் சிரிப்புமாக அந்தச் சண்டை போகிறது. நூலிலேயே மக்கள் மனத்தில் ஆழமாக நின்றது கடவுளின் பவனியைவிட இந்தக் கணவன் மனைவி பேச்சுத்தான். மதுரை நாயக்க மன்னர் முத்துவிசயரங்க சொக்கநாதர் இந்தக் கவிக்கு நிலம் கொடுத்தார். அதற்குக் 'குறவஞ்சி மேடு' என்று பெயர் வந்தது. நியாயமான சம்பளம்.

நிஜத்திலும் நம் மாவட்டத்துக்கு ஒரு ஜோடி உண்டு. செங்கோட்டையில் 1906இல் பிறந்த எஸ்.ஜி.கிட்டப்பா, கொடுமுடிக்காரர் கே.பி.சுந்தராம்பாள். 1926இல் கொழும்பில் 'வள்ளி திருமணம்' நாடகத்தில் இருவரும் சேர்ந்து மேடை ஏறினார்கள். அடுத்த ஆண்டு கல்யாணம். ஒருவர் பாட்டை மற்றவர் விட்டுக்கொடுக்காமல் வாங்கித் திருப்பிப் பாட, அதைக் கேட்கத்தான் கூட்டம் கூடியது. பிணக்கும் இருந்தது, பிரிவும் இருந்தது. 1933 டிசம்பர் 2இல் கிட்டப்பா இறந்தபோது அவருக்கு வயது 27. அந்த அம்மாள் அன்று உடுத்திய வெள்ளைச் சேலையைக் கடைசிவரை மாற்றவில்லை. 1935இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடம் போட்டபோது அவர் வாங்கிய சம்பளம் 1 லட்சம் ரூபாய். செங்கோட்டைக்காரர்களே, 'ஔவையார்' படம் தொலைக்காட்சியில் வந்தால் அது உங்கள் ஊர் மருமகள் பாட்டு என்று பிள்ளைகளிடம் சொல்கிறீர்களா?

இன்னும் ஒருவரைச் சொல்லாமல் இறங்கினால் குற்றாலம் என்னை மன்னிக்காது. ரசிகமணி டி.கே.சி. சட்டம் படித்தவர். பாடகர் இல்லை, நடிகர் இல்லை, நாவல் எழுதவில்லை. கம்பன் பாட்டு ஒன்றை எடுத்து, நிறுத்தி, திரும்பச் சொல்லி, இன்னொரு தடவை சொல்லி, எதிரே இருப்பவர் தானாகத் தலையாட்டும்வரை விடமாட்டார். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடிக் குற்றாலத்துக்கு வந்தார்கள். மாமல்லபுரக் கடற்கரையில் அவரோடு இருந்த பொழுதைத்தான் கல்கி 'சிவகாமியின் சபதம்' முன்னுரையில் நினைவுகூர்கிறார். ரசித்ததற்காகவே ஒருவருக்குப் பட்டம் கொடுத்து, 1954இல் அவர் மறைந்த பிறகும் அந்தப் பட்டத்தாலேயே அழைக்கிற ஊர் நம்முடையது. ஆகவே டிக்கெட் வாங்கிப் போய்க் கேட்கிற நாமும் சின்ன ஆள்கள் இல்லை.

அதனால் சாரல் திருவிழா நடத்துகிற அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் ஒரு மாலையைக் குறவஞ்சிக்குக் கொடுங்கள். பவனியோடு நிறுத்திவிடாமல் சிங்கன் சிங்கி சண்டை முடியும்வரை முழுதாக ஆடட்டும். டிசம்பர் 2 அன்று செங்கோட்டையில் கிட்டப்பா பாட்டையும் சுந்தராம்பாள் பாட்டையும் சேர்த்து வைத்து ஒரு கூட்டம் போடுங்கள். உங்களுக்கு என் வேண்டுகோள் இதைவிடச் சின்னது. நாளைக்கு இதே மேடையில் கச்சேரி இருக்கிறது. வீட்டுக்காரரையும் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கடைசிப் பாட்டு முடிகிறவரை நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீர்கள்.